உப்புக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்த்தலைவர்

1

நான் ஆண்டுகொண்டிருந்த ஊர் மறுபடியும் பறிபோனது.

பதற வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். மெல்போர்னில் எங்கள் வீட்டு ஹாலில், சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொத்தான்கள் நிறைந்த ஒரு கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓர் ஊரை இழந்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பதை என் மகள் அமுதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திருப்பிப் பிடித்த பிறகும் ஊர் விழுந்தது. அதனால் பழியைக் கருவிமேல் போடவும் வழியில்லை.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை வருஷா வருஷம் வெளியே போய்ச் சாப்பிட்டுக் கொண்டாடுவது வழக்கம். இந்த வருஷம் அமுதா, "வெளிய வேணாம்ப்பா. என் கேம் விளையாடற அளவுக்கு வந்துடுச்சு. நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவிட்டாள். அவள் வங்கியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து இந்த ஆட்டத்தைச் செய்துகொண்டிருக்கிறாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்கிறவர்களிடம் நான் "கம்ப்யூட்டர் லைன்" என்று சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஆட்டத்தின் கதை இது. ஏரிகளும் பனைமரங்களும் உள்ள ஒரு தேசம். அமாவாசைதோறும் அங்கே முன்னோர்கள் மண்ணிலிருந்து எழுந்து வந்து பேசுவார்கள். பனைமரங்கள் நடந்து போய்க் காவல் காக்கும். ஏரிக்கு வாய் உண்டு, கோபமும் உண்டு. ஒருநாள் கிழக்கே கடலில் வெள்ளைப் பாய் விரித்த கப்பல்கள் வருகின்றன. வருபவர்கள் உப்புக்காரர்கள். அவர்கள் கால் வைத்த மண் உப்பாகிவிடும், அவர்களுக்குப் பணிந்தவர்கள் உப்புச் சிலையாகிவிடுவார்கள். ஊர்த்தலைவராக இருந்து அவர்களை எதிர்த்து மண்ணைக் காப்பாற்றுவது விளையாடுகிறவரின் வேலை. மரக்காணம் உப்பளத்தை அமுதாவுக்கு ஒருதரம் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டியதற்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஊர்த்தலைவரின் குரலும் என்னுடையதுதான். நடிகர் கிடைக்கும்வரை தற்காலிக ஏற்பாடு. வெளிச்சத்தம் வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தாள். அன்று எனக்கு நல்ல சளி. தலைவர் என்றால் முழங்க வேண்டாமா என்று "யாரங்கே!" என்று ஆரம்பித்தேன். "அப்பா, அத்தைகிட்ட போன்ல பேசற மாதிரி பேசுங்க" என்றாள். என் மனைவி வனஜாவின் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கடைத்த குரலில் நான் பேசிய முதல் வசனம் இது: "யாருப்பா அது? வெளிய ஏன் நிக்கிற? உள்ள வா. தண்ணி குடி, அப்புறம் பேசலாம்."

அடுத்த மாதம் இங்கே ஒரு பெரிய கண்காட்சியில் நூற்றுக்கணக்கான பேருக்கு முன்னால் ஆட்டத்தை வைக்கப்போகிறாள். அதற்கு முன்னால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க சொன்ன கதைங்கள வச்சுத்தான் முழு ஊரும் செஞ்சிருக்கேன். நம்ம ஊரு மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லுங்கப்பா. பொய்யா இருந்தா நான் இத வெளிய காட்ட மாட்டேன்."

"அச்சு அசல்" என்றேன். பேச்சு வளராமல் இருக்க உடனே விளையாடவும் உட்கார்ந்துவிட்டேன்.

2

ஊர்க் கதவுக்கு வெளியே முதல் உப்புக்காரன் வந்து நிற்கிறான். கிழிந்த சட்டை, வறண்ட உதடு. தண்ணீர் கேட்கிறான். திரையில் மூன்று வழிகள் தெரிகின்றன. கதவைச் சாத்தலாம், யார் என்று விசாரிக்கலாம், உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுக்கலாம்.

நான் உள்ளே அழைத்தேன்.

"அப்பா, அவன் உப்புக்காரன்!"

"தெரியுதும்மா. தாகத்துல வந்திருக்கான் இல்ல?"

"இது கேம்ப்பா."

"கேம்னா தாகம் எடுக்காதா?"

தண்ணீர் குடித்தவன் அடுத்து, ஓரமாக ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ள இடம் கேட்டான். கத்திரிக்காய் வாங்கினவளுக்குக் கண்டாச்சிபுரம் சந்தையில் கறிவேப்பிலை கொசுறு கொடுப்பதுபோல நான் இடம் கொடுத்தேன். கொட்டாய் குடோன் ஆனது. குடோனுக்கு மதில் வந்தது, மதில்மேல் பீரங்கி வந்தது. கடைசியில் நடுத்தெருவில் கைகூப்பிய நிலையில் நான் உப்புச் சிலையாக நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க செத்துட்டீங்க" என்றாள் அமுதா, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பேச்சு இது?" என்று சமையலறையிலிருந்து வனஜா கத்தினாள்.

அடுத்த ஆட்டத்தில் உஷாராக இருந்தேன். விசாரித்தேன். பசிக்கிறது என்றான். உள்ளே அழைத்துவிட்டேன். அதற்கடுத்த ஆட்டத்தில் ஒரு கிழவி வந்தாள், கிழவியை எப்படி வெளியே நிறுத்துவது? அவள் முந்தானையில் உப்பு முடிந்து வைத்திருந்தாள்.

"எங்க டீம்ல டெஸ்ட் பண்ணவங்க யாருமே அந்த மூணாவது ஆப்ஷன எடுக்கலப்பா. எல்லாரும் கதவச் சாத்திட்டுச் சண்டை போடறாங்க. நான் அத சும்மாதான் வச்சேன்" என்றாள் அமுதா. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

வனஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கருவியை வாங்கினாள். உப்புக்காரன் வாய் திறக்குமுன் கதவைச் சாத்தினாள். கிழவி வந்தாள், சாத்தினாள். பனைமரங்களை வாசலில் வரிசையாக நிறுத்தினாள். முதல் கட்டம் முடிந்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவள் அப்பா விழுப்புரம் பக்கத்தில் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். எவன் கெஞ்சினாலும் நேரத்துக்குக் கேட்டைச் சாத்துவது அவர்கள் குடும்ப ரத்தத்தில் ஊறியது.

3

என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தோல்விகளுக்கு அதுவும் ஒரு காரணம். இங்கே உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொல்லைப்புறத்தில் கொட்டகை போடவும் வேலி கட்டவும் அனுமதி கொடுக்கும் பிரிவு. எவனாவது வந்து ஓரமாக ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால், அளவு சரியாக இருந்தால் சரி என்று முத்திரை குத்துவதுதான் பகல் முழுக்க என் பிழைப்பு. மாலையில் வீட்டுக்கு வந்து திடீரென்று வீரனாக மாறு என்றால் எப்படி?

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் மேலாளர் எழுந்து, இந்த நிலம் இந்த மண்ணின் ஆதிக்குடிகளுடையது, அது அவர்களால் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படவில்லை, அவர்களின் மூத்தோரை வணங்குகிறோம் என்று வாசிப்பார். எல்லோரும் தலைகுனிந்து நிற்போம். பிறகு உட்கார்ந்து அதே நிலத்தில் வேலி போட அனுமதி கொடுப்போம். அமுதா பள்ளியில் படிக்கும்போது ஒருநாள், "அப்பா, அப்ப நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நாம் விசா வாங்கி வந்த பக்கம் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கேள்விதான் வளர்ந்து இந்த ஆட்டமாகி என் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஊர்க்கதை கேட்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. நானும் சளைக்காமல் சொன்னேன். பெரிய தெரு, தேர் திரும்பும் முனை, வட்டக் கிணறு, கல் மண்டபம், ஏரி. திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில், பஸ் நின்றால்தான் உண்டு என்கிற ஊர். அவள் விடுமுறைக்குப் போனதெல்லாம் திண்டிவனம் டவுனில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குத்தான். ஊருக்கு ஏன் போகவில்லை என்றால் ரோடு சரியில்லை என்பேன். ரோடு போட்டு ரொம்ப வருஷமாகிறது.

4

அடுத்த ஞாயிறு அமுதா அத்தைக்கு வீடியோ போட்டாள். எங்களுக்கு மதியம், அக்காவுக்குக் காலைக் காப்பி. என் அக்கா பூங்காவனம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கற? தலைவராயிட்டியாமே?"

அமுதா திரையில் ஊரைச் சுற்றிக்காட்டினாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

"அடேங்கப்பா, கல் மண்டபம் அப்படியே இருக்குது. கெணறு கூட செதுக்கின மாதிரி இருக்குதுடி. சரி அம்மு, நம்ம தெரு எங்க?"

"இதான் அத்தை. அப்பா சொன்ன தெரு."

"அது ஊருத் தெருவுடி. நம்ம காலனி எங்கன்னு கேக்கறேன். ஏரிக்கு அந்தாண்ட வரும் இல்ல?"

"அக்கா, சிக்னல் சரியில்லன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்குது. நீ கம்முனு இரு."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் என்றால் எது, காலனி என்றால் எது, நடுவில் எவ்வளவு தூரம் என்பது அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மெல்போர்னில் பிறந்த பெண்ணுக்குத் தெரியாது. நான் சொன்ன கதைகளில் பொய் இல்லை. தேர் ஓடியது, கிணறு இருந்தது. அதையெல்லாம் எங்கே நின்று பார்த்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் புதிதாக அறிமுகமாகிறவர்கள், திண்டிவனத்தில் எந்தப் பக்கம், அங்கே எந்தத் தெரு என்று சுங்க அதிகாரி பெட்டியைக் கிளறுவதுபோலக் கேட்பார்கள். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பேன். யோசித்துப் பார்த்தால் திண்டிவனத்தில் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

அமுதா மெதுவாக, "அத்தை, அப்பா ஏன் வர்றவங்கள எல்லாம் உள்ள கூப்டறாரு?" என்று கேட்டாள்.

"வேற இன்னா பண்ணுவான்? பள்ளிக்கூடம் வுட்டு வரசொல்ல தாகம் எடுத்தா பெரிய தெருவுல வெளிய நின்னு கையத்தான் ஏந்தணும். மேலேர்ந்து ஊத்துவாங்க. பாதி கைக்கு, பாதி சட்டைக்கு. இவன் ஈரச் சட்டையோட வந்து, நான் பெரியவனாகி வூடு கட்டினா கதவே வைக்க மாட்டேன்னு அழுவான்."

அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். இரட்டைப் பூட்டும் அலாரமும் வைத்த என் வீட்டுக் கதவை நான் பார்த்தேன்.

அக்கா விடவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன் அம்மு, தப்பா எடுத்துக்காத. அந்த உப்புக்காரன் மேல எனக்கு அவ்ளோ கோவம் வர்ல. ஊருப் பள்ளிக்கூடத்துல எங்களத் தனியா குந்த வச்சாங்க. எனக்கு பெஞ்சு குடுத்தது வெள்ளக்கார சிஸ்டருங்க கட்டின பள்ளிக்கூடம். அவங்க நல்லவங்க, இவங்க கெட்டவங்கன்னு சொல்ல வர்ல. நெலத்த சுரண்டினவனும் அவந்தான், தெரியும். ஆனா காலனிக்காரன் எதுக்கு ஊருக்காரன் கதவ காப்பாத்தணும்? அதுக்கு உன் கேமு பதில் சொல்லுதா?"

அழைப்பு முடிந்ததும் அமுதா மடிக்கணினியை மூடினாள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மட்டமான பதில் அதுதான். உடனே, "வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன். அவமானப்படுத்தியவர்கள் படவேண்டிய வெட்கத்தை நான் கடல் தாண்டிச் சுமந்து வந்து, சுங்கத்தில் காட்டாமல் உள்ளே கொண்டுவந்திருக்கிறேன்.

"அப்ப நான் செஞ்சது பொய்யான ஊரு. இத எப்படி காட்டறது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

5

அந்த வாரம் அவள் வரவில்லை, போனும் இல்லை. "அப்பனும் பொண்ணும் ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டு வனஜா முட்டைக் குழம்பு வைத்தாள். தமிழில் நீளமாகச் செய்தி அனுப்பலாம் என்றால் அமுதா தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், முடிப்பதற்குள் கண்காட்சி வந்துவிடும். ஆகையால் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். காலையில் வேலைக்குப் போகும்போது டிராமில் நின்றபடி. கோட்டு போட்ட நடுத்தர வயது மனிதன் ஒருவன் போனை வாயருகே வைத்துக்கொண்டு கேப்பைக் கூழைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதை மெல்போர்ன் மக்கள் கண்ணியமாகக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

எங்கள் தெருவை அவளுக்குச் சொன்னேன். நடுவில் நின்ற வேப்பமரம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிக்கப் போய்க் கூலியாக வாங்கி வரும் மல்லாட்டை, அதை எல்லோரும் ஒரே சட்டியில் வேகவைத்துத் தின்றது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போக லாரி பிடித்து, இடம் போதாமல் என்னை டிரைவர் மடியில் உட்காரவைத்தது. துக்கம் மட்டும் இருந்த தெரு இல்லை அது. அங்கே நாங்கள் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் சிரித்ததில்லை.

அவளிடமிருந்து பதில் வராது, கேள்விதான் வரும். "தண்ணி எங்க எடுப்பீங்க?" "ஊருக்குள்ள எப்ப விடுவாங்க?" "தாத்தா என்ன வேலை செஞ்சாரு?"

தாத்தா, அதாவது என் அப்பா, ஏரி மடையைத் திறந்து மூடுகிறவர். மழை பிடித்தால் ஊரார் வந்து காலனி முனையில் நின்று கூப்பிடுவார்கள். ஏரி கோபித்தால் அதனோடு பேச அவருக்குத்தான் தெரியும். ஒருதரம் வெள்ளம் வந்தபோது மடைப் பலகை இறுகிப்போய் அவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. பெரிய தெருவுக்கு ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டினார். ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தத் தெருக் கதவுகளை அவர் தட்டியது அன்று ஒருநாள்தான். இதைச் சொல்லி முடிக்கும்போது நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

அந்தப் பதிவுக்குப் பிறகு கேள்வி எதுவும் வரவில்லை.

6

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கருவியை என் கையில் நேராக வைத்தாள். அத்தைக்கு வீடியோ போட்டு, போனைப் பழக்கூடையில் சாய்த்து வைத்தாள்.

இந்தமுறை ஆட்டம் ஊருக்குள் ஆரம்பிக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் ஆரம்பித்தது. நான் தலைவர் இல்லை. மடை திறப்பவன்.

"வேப்பமரம் பாருடா" என்றாள் அக்கா.

உப்புக்காரன் முதலில் எங்களிடம்தான் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். புத்தகம் கொடுத்தான், கப்பலில் வேலையும் இருக்கிறது என்றான். நிஜமாகவே நல்லவனாகத்தான் தெரிந்தான். அவன் எழுந்துபோன இடத்தில் புல் மட்டும் வெளுத்திருந்தது. "பரவால்ல, நாயமாத்தான் எழுதிக்கிறா" என்றாள் அக்கா.

கிழக்கே கப்பல்கள் வந்துவிட்டன. ஏரியைத் திறந்துவிட்டால் உப்பு கரைந்துவிடும், ஆனால் மடைப் பலகை ஒற்றை ஆளுக்கு அசையாது. திரையில் மூன்று வழிகள் வந்தன. கப்பலுக்குப் போகலாம், காலனியோடு மேட்டில் ஏறித் தப்பிக்கலாம், ஊர்க் கதவைத் தட்டலாம்.

என் பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது. அது இறங்கவில்லை. ஒரு பொம்மைக் கதவு, என் மகள் வரைந்தது, அதன் முன்னால் எனக்குச் சட்டை நனைந்ததுபோல இருந்தது.

"தட்டுடா" என்றாள் அக்கா.

"இருக்கா."

"இன்னாத்துக்கு இருக்கணும்? உப்பாயிடுவடா!"

"கதவத் தட்டவா இவ்ளோ நேரம்? நானா இருந்தா சாத்தியே முடிச்சிருப்பேன்" என்றாள் வனஜா. ஆனாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள்.

"தட்டினா தொறப்பாங்களாடி?" என்று அக்கா அமுதாவைக் கேட்டாள்.

"அத்தை, இது ஃபேன்டஸி கேம்."

"அப்ப தைரியமா தட்டு."

தட்டினேன். சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம், தாழ்ப்பாள் நகரும் சத்தம். பிறகு ஒரு குரல் கேட்டது. மூக்கடைத்த, ஓமந்தூர் ரோட்டுக் குரல்.

"யாருப்பா அது? வெளிய ஏன் நிக்கிற? உள்ள வா. தண்ணி குடி, அப்புறம் பேசலாம்."

நான் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. வனஜா முந்தானையைக் கொடுத்தாள்.

"நடிகர் கிடைச்சாருப்பா. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள் அமுதா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "இப்ப சொல்லுங்க. நம்ம ஊரு மாதிரி இருக்கா?"

"இல்லம்மா. நம்ம ஊர்ல இப்படி தொறக்க மாட்டாங்க" என்றேன். "ஆனா காட்டு. எல்லாருக்கும் காட்டு."

பழக்கூடையில் அக்காவின் முகம் வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றிருந்தது. இந்தமுறை நிஜமாகவே சிக்னல் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் உயிர் வந்து அசைந்தாள்.

"டேய், தட்டனதோட நின்னுபோச்சுடா. இன்னா ஆச்சு? தொறந்தாங்களா?"

"தொறந்தாச்சுக்கா."

"மெய்யாலுமா? யாருடா தொறந்தது?"

"நாந்தாங்கா" என்றேன்.